சீனித்தம்பியர் பாடாத வரி

போன கிழமை சுலோஜனாவை அவளுடைய தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "மனிசி வந்திட்டாவா இல்லையா?" என்று கேட்டு எழுதிய வாசகர்களே, உங்களைவிட அவசரத்தில் ஒரு மனிதர் அந்த ஊரில் காத்திருக்கிறார். ஆனால் வாயைத் திறந்து கேட்கமாட்டார். கேட்டால் தலையில் இருக்கிற கிரீடம் கழன்று விழுந்துவிடுமாம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கோபிக்கக்கூடாது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வாவியோரமாக, முத்துக்கண்டல் என்று ஓர் ஊர். வைகாசி வந்தால் கோயில் அம்மாளுக்குக் கொம்பு முறிப்பு என்கிற விளையாட்டு. ஊர் இரண்டாகப் பிரியும். ஒன்று வடசேரி, மற்றது தென்சேரி. இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் வசைபாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள்.

புருசன் தென்சேரி, பெண்சாதி வடசேரி என்றால் அந்த நாட்களில் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருக்கக்கூடாது. பெண்சாதி தன் பக்கத்து ஆட்களிடம் போய்விடுவாள். விளையாட்டு முடிந்து, அம்மாளைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கும் முடிந்தபிறகு, தோற்ற பக்கத்து ஆள் தானாக நடந்து வந்து மற்றவரோடு சேரவேண்டும். வென்றவர் போய்க் கூப்பிடுவதில்லை. முத்துக்கண்டலின் வழக்கம் அது.

இந்த வருடம் வடசேரிக் கொம்பு முறிந்தது. சுலோஜனா வடசேரி. அவள் புருசன் நல்லரத்தினம் தென்சேரி. போதாக்குறைக்கு அந்தப் பக்கத்தின் தலைப்பாட்டுக்காரர். குளிர்த்தி முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. சுலோஜனா வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். வென்ற மிதப்பில் பாடிக்கொண்டு போன நல்லரத்தினம், வடசேரித் தெருமுனையில் நின்று, பழைய பாட்டின் மெட்டில் சொந்தமாக ஒரு வரி கட்டினார்.

வராத பிள்ளைக்கு வட்டிலிட்டு
வாசலைக் காக்கிறாள் வடசேரியாள் - அவள்
ஆறின சோற்றுக்கும் ஈயோட்டி
ஆரையோ பேசுறாள் வடசேரியாள்.

பேர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? அவர்களுடைய மகன் நிதுர்ஷன் இருபது வயதில் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறினான். அந்த வள்ளத்தைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்று தொடங்கி ஒவ்வொரு இராச்சாப்பாட்டுக்கும் சுலோஜனா அவனுக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பாள். அதற்குப் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் கதைப்பாள். காலையில் கோப்பை வெறுமையாக இருக்கும். "பூனை" என்பார் நல்லரத்தினம்.

தெருவில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுலோஜனாவின் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

இனி இந்தக் கிழமைக்கு வருவோம்.

காலையில் உதயரூபன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சுலோஜனாவின் ஒரே தம்பி. நல்லரத்தினம் அப்போதுதான் குசினிப் பக்கம் பார்த்து, "தேத்தண்ணி" என்று பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் இருக்கிற வீடு சுலோஜனாவின் சீதன வீடு. நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு ஏது? வீட்டுக்காரி போய்விட்டாள், வந்தவர் இருக்கிறார்.

"அத்தான், இண்டைக்கு அந்த ஏறாவூர்ப் புள்ள வாறா, தெரியுமா?"

"ஓம், தெரியும். கோயில் மண்டபத்திலதானே."

ஏறாவூர்ப் பிள்ளை என்பது ஷஸ்னா. சீனித்தம்பியரின் பாட்டுகளை ஊரூராகப் போய் ஒலிப்பதிவு செய்து புத்தகமாகப் போடப்போகிறவள்.

சீனித்தம்பியரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் காலத்து மனிதர். முத்துக்கண்டலில் இருந்து புளியந்தீவுப் பட்டணத்துக்குத் தோணியில் நெல் ஏற்றிப் போவதுதான் தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. தோணி வலிக்கும்போது பாட்டுக் கட்டுவார். அக்கரையில் இறங்குமுன்னே கூலிக்காரர்களுக்குப் பாடமாகிவிடும். மறுநாள் சந்தையில் பாடுவார்கள். அதற்கடுத்த கிழமை ஓட்டமாவடி மாட்டுவண்டிக்காரர்கள் பாடுவார்கள். ஊஞ்சல் பாட்டு, வண்டில் பாட்டு, நெற்சூடு மிதிக்கிற பாட்டு, கொம்பு வசை, எல்லாம் கட்டினார். பெரிய வயல்காரர்களான போடிமார் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பாடச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அவருக்கு ஒரு வேளைச் சோறு இருந்தது, ஒரு வீட்டிலும் அவர் சொந்தக்காரர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அவருக்குப் பிள்ளை இல்லை. யார் எந்தப் பாட்டைக் கட்டினாலும், சொல்ல வெட்கமாக இருந்தால், "இது சீனித்தம்பியர்ட பாட்டு" என்று அவர் தலையில் கட்டிவிடுவார்கள். கிழவர் சிரித்துக்கொண்டே, "பிள்ளை இல்லாதவனுக்கு எத்தினை பிள்ளை!" என்பாராம். ஷஸ்னாவின் தலைவலியே அதுதான். வந்து குவிந்த பாட்டுகளில் எது அவருடையது, எது மற்றவனுடையது என்று பிரிக்கவேண்டும்.

"அந்த வரியும் அவட கையில போயிட்டு அத்தான்" என்றான் உதயரூபன். "பொடியனுகள் டிக்டொக்கில போட்டானுகள்தானே. சீனித்தம்பியர்ட எண்டு போட்டிரிக்கானுகள். அவவும் அப்படித்தான் நினைச்சிரிக்கா. இண்டைக்கு உங்கக்கிட்டக் கேப்பா."

"அது அவர்ட இல்லையே."

"எனக்குத் தெரியாதா அத்தான்? ஒரு சொல்லுத்தான் கேக்கன். 'ஓம், அவர்ட வரிதான்' எண்டு சொல்லிப்போடுங்க. அவ்வளவு பழைய பாட்டெண்டா அது அக்காவைப் பாடினது ஆகாதுதானே? அந்தக் காலத்து வடசேரிப் பொம்புள ஆரோ. அக்காட முகமும் மிஞ்சும், உங்கட முகமும் மிஞ்சும்."

நல்லரத்தினம் சாரத்தை இறுக்கிக் கட்டினார். "உன்ட அக்கா என்ன சொல்றா?"

"வாயால ஒண்டும் சொல்லல்ல. ஆனா உடுப்பெல்லாம் மடிச்சுப் பையில வெச்சிட்டா. மண்டபத்துக்கும் வாறன் எண்டவ. மறுகா உங்கட பாடு."

மோட்டார் சைக்கிள் போனபிறகு வீடு பழையபடி அமைதியாகியது. நல்லரத்தினம் வானொலியைப் போட்டார். யாரும் கேட்காத வீட்டில் அது தன்பாட்டில் மரண அறிவித்தல் வாசித்தது. அணைத்துவிட்டார். அவருக்கு அவள் வேண்டும். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவாவது வேண்டும். இதை இவ்வளவு நேராக நான் சொல்வதை அவர் வாசித்தால் என்மீது கோபிப்பார். பரவாயில்லை.

அன்று சனிக்கிழமை. மகள் கஜானி புளியந்தீவில் வங்கி வேலை, அங்கேயே அறை எடுத்திருக்கிறாள். வாவியைக் கடக்கிற பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறி, நெல் மூட்டைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் நின்று, இக்கரைக்கு வந்து சேர்ந்தாள். வருகிற வழியில் பின்னால் நின்ற இரண்டு பொடியன்கள் அந்த வரியை முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு அவளைத் தெரியாது. 'என்ட அம்மாவைத்தான் பாடுறீங்க' என்று திரும்பிச் சொல்ல வந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்பாவிடம் போகாமல் நேராக மாமா வீட்டுக்குத்தான் போனாள்.

சுலோஜனா பின்பக்கத்தில் குந்தியிருந்து, வாவியில் பிடித்த செத்தல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மெலிந்துதான் போயிருந்தாள்.

"ஏன் அம்மா இஞ்ச இரிந்து கழுவுறீங்க? குசினிக்குள்ள பைப் இரிக்கிதானே."

"இது உன்ட மாமிட வீடு புள்ள. அவ தங்கமான பொம்புள, ஒரு குறையும் சொல்ல ஏலா. ஆனா உப்புப் போத்தல் எங்க இரிக்கி எண்டு கேட்டுத்தான் எடுக்கன். விளக்குமாத்தைக் கேட்டுத்தான் எடுக்கன். கேக்கிறதுக்கு ஆளில்லாத நேரம் சும்மா குந்திக்கிட்டு இரிக்கன்."

கஜானி பக்கத்தில் குந்தினாள். "அப்பா அதைச் சீனித்தம்பியர்ட வரி எண்டு சொன்னா வாறீங்களா?"

"வருவன்."

"நம்புவீங்களா?"

சுலோஜனா கையில் இருந்த மீனைச் சட்டிக்குள் போட்டாள். "நான் ஆருட மகள்? வடசேரிக்குப் பாடின மனிசன்ட மகள். வசையில கொம்பைப் பாடு, மீசையைப் பாடு, மாட்டைப் பாடு, தோணியைப் பாடு, ஆனா அடுத்தவன்ட அடுப்படிக்குள்ள பாட்டோட போகாத எண்டு சீனித்தம்பியர் சொன்னதா என்ட அப்பா சொல்லித் தந்தவர். அந்தச் சீனித்தம்பியரா என்ட சோத்துக் கோப்பையைப் பாடுவார்? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவன், உன்ட அப்பாட வரி எண்டு."

"அப்ப ஏனம்மா வருவீங்க?"

"தனிய இரிக்க ஏலா மகள்" என்றாள் சுலோஜனா. கஜானிக்கு அழுகை வந்தது. மீனை அலசுகிற சாட்டில் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஒலிவாங்கியைப் பார்த்தாலே நம் சனத்துக்கு ஒரு குசி. ஷஸ்னா மேசையில் கருவியை வைத்து, ஒவ்வொரு பாட்டாக வாசித்தாள். நல்லரத்தினம் முன்னால் கதிரையில். பெண்கள் பக்கத்தில், தூணுக்கு அருகே, சுலோஜனாவும் கஜானியும். சுலோஜனாவின் மடியில் அந்தப் பை.

"ஐயா, 'கதவடைச்ச போடியார்' எண்டு ஒரு பாட்டு. இது அவர்டதானா?"

"அவர்டதான் புள்ள. ஒருநாள் மழைக்க போய்த் தட்ட, போடியார் கதவைத் திறக்கல்ல. அடுத்த நாள் சந்தை முழுக்க அந்தப் பாட்டு. போடியார் தோணி அனுப்பிக் கூப்பிட்டார்."

மண்டபம் சிரித்தது.

"'மருமகன் குடிச்ச பால்'?"

"சே! அது வேற ஆரோ குடிகாரன் கட்டினது. அவர்ட தலையில கட்டிட்டானுகள்."

மறுபடி சிரிப்பு. நல்லரத்தினத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்கிற பாட்டையெல்லாம் பாடிக் காட்டினார். வண்டில் பாட்டைப் பாடும்போது மூலையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். இப்படியே முடிந்திருக்கலாம்.

"ஐயா, கடைசியா ஒண்டு." ஷஸ்னா தயங்கினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "இந்த 'வராத பிள்ளைக்கு' எண்ட வரி. இது எங்கட ஏறாவூரிலயும் இப்ப பாடுறாங்க. சீனித்தம்பியர்ட எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. போடலாமா?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் அடித்தான். உதயரூபன் வாசலில் நின்று, கண்ணால் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்றான்.

நல்லரத்தினம் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். 'ஓம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதில் ஐயமில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். சுலோஜனா பையைக் கையில் எடுத்துவிட்டாள், எழும்பி அவரோடு வீட்டுக்குப் போகத் தயாராக. ஒரு சொல். ஒரேயொரு சொல் சொன்னால் இன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டில் இருப்பாள்.

அப்போதுதான் அவருக்கு அந்தத் தோணிக்காரக் கிழவரை நினைத்து ஒரு அருவருப்பு வந்தது. கிழவர் மீதல்ல, தன்மீது. 'ஓம்' என்றால், பிள்ளையே இல்லாத மனிதர், பிள்ளையைத் தொலைத்த தாயைப் பார்த்துச் சிரித்தார் என்று காலம் முழுக்க அச்சில் கிடக்கும்.

"இல்ல புள்ள" என்றார். "அது அவர்ட இல்ல. அந்த மனிசன் அப்படிப் பாடமாட்டார். அது நான் கட்டினது. என்ட பெண்சாதியத்தான் பாடினன்."

உதயரூபன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஊருக்குத் தெரிந்த விசயம்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒலிவாங்கியில் சொல்வது வேறு. இனி சுலோஜனா எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவாள்?

சுலோஜனா எழும்பினாள். வெளியே போகப்போகிறாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் நேராக மேசைக்குப் போனாள்.

"புள்ள, அந்த மெசின் ஓடுதா?"

"ஓம் அன்ரி, ஓடுது."

"அப்ப இதையும் எடு."

கொம்பு விளையாட்டில் பெண்கள் பாடுவதில்லை. வடசேரியில் இருந்து ஒரு பெண் இதற்கு முன்னால் வாய் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. சுலோஜனா புருசனைப் பார்க்காமல், அதே மெட்டில், தாளம் பிசகாமல் பாடினாள்.

வராத பிள்ளைக்கு வைத்த சோறு
விடியுமுன் எங்கேடி போனதுவோ - அதைப்
பூனையும் தின்னலை காகம் தின்னலை
பெற்றவன் தின்றானே தென்சேரியான்.

நல்லரத்தினத்தின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடமும் விடியுமுன்னே எழும்பி, இருட்டில், சத்தமில்லாமல், நின்றபடியே தின்ற சோறு அது. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். அவள் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரு கோப்பைக்கு இரண்டு பக்கமும், ஆளுக்கு ஆள் சொல்லாமல் தனியாக அழுதிருக்கிறார்கள்.

வசைக்கு வசை உடனே பாடவேண்டும். பாடாவிட்டால் தோல்வி. தென்சேரி ஆட்கள் எல்லோரும் தங்கள் தலைப்பாட்டுக்காரரைப் பார்த்தார்கள். ஆண்டாண்டாக எவனுக்கும் விட்டுக்கொடுக்காத வாய். திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"ஐயா, பதில் பாட்டு?" என்றாள் ஷஸ்னா மெதுவாக.

"இல்ல புள்ள."

"தென்சேரி தோத்துப்போச்சு!" என்று பின்னால் ஒரு கிழவர் கத்தினார். வழக்கத்தில் வந்த வார்த்தை, தன்பாட்டில் வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்காததைக் கண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். சுலோஜனா பையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு வெளியே நடந்தாள், தம்பி வீட்டுப் பக்கமாகவே.

ஷஸ்னா கருவியை நிறுத்திவிட்டு, தூணருகே நின்ற கஜானியிடம் போனாள். "தங்கச்சி, நான் இதையெல்லாம் ஆருட பேர்ல போடுறது?"

"அப்பாட வரிக்கு அப்பாட பேர். அம்மாட வரிக்கு அம்மாட பேர்" என்றாள் கஜானி. "அந்த மனிசன்ட தலையில மட்டும் கட்டிப்போடாதீங்க. அவருக்கு இரிக்கிற பிள்ளைகள் போதும்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது நல்லரத்தினம் வடசேரித் தெருவால் நடந்தார். தோற்ற ஆள்தானே நடக்கவேண்டும். வேலிகளுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தார். கஜானி கொஞ்சம் பின்னால் வந்தாள். அவர் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

உதயரூபன் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று செருமினார்.

"வாங்க அத்தான், உள்ளுக்கு வாங்க" என்று உதயரூபன் ஓடிவந்தான்.

"இல்ல தம்பி. உன்ட அக்காவைக் கூப்பிடு."

கூப்பிடத் தேவைப்படவில்லை. சுலோஜனா வந்துவிட்டாள். கையில் பை இருந்தது. முகத்தில் அழுத தடம் இருந்தது. படலையைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தோத்தவன் வந்திட்டன்" என்றார் நல்லரத்தினம். "நான் பாடினது பெரிய பிழை. நீ அந்தக் கோப்பையோட கதைப்பாய். என்னோட கதைக்கிறல்ல. அந்த எரிச்சல்லதான் பாடினன். இப்ப வீடு கிடக்கிற கிடையில எனக்கு இரிக்க ஏலா. வா, போவம்."

"வாறன்" என்றாள் சுலோஜனா. "வராம எங்க போற? ஆனா ஒண்டு கேக்கன். அதைச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"கேளு."

"அவன் இனி வரமாட்டான் எண்டு உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிட்டு, அதால திண்டீங்களா? இல்லாட்டி, அவன் வந்து திண்டிட்டுப் போயிரிக்கான் எண்டு நான் நினைக்கட்டும் எண்டு திண்டீங்களா?"

நல்லரத்தினம் படலையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற கஜானி கிட்ட வந்தாள். நிதுர்ஷன் வள்ளம் ஏறிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்வி அது. அப்பாவின் பதில் அவளுக்கும் வேண்டியிருந்தது.